காந்தங்களைக் கழற்றியது நான் அல்ல

முகுந்தா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. பக்கத்து அறையில் நீ பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் இங்கே கேட்கிறது. கதவைத் தட்டி நேரில் சொல்லிவிட்டால் முடிந்துபோகிற விஷயம்தான். சொல்லத்தான் இன்று இரண்டு முறை வந்தேன். முதல் முறை காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை, ஸ்வெட்டர் எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். நீ முகத்தைத் திருப்பாமலே "நக்கோ சித்தி, வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றாய். எனக்கு வார்த்தை எப்போதும் நேரம் தவறித்தான் வரும், உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படிக்க வேண்டும் என்பதுதான் எனக்கும் வேண்டியது. உறையை ஒட்டவில்லை. அப்பா கண்ணில் பட்டால் அவரும் படிக்கட்டும். அவரிடமும் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சின்ன ரயில் இன்ஜின்களைக் கெடுத்தது நான் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அது பொய். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அதற்காக மட்டும் என்றால் உன்னை அந்தக் கோபத்தோடேயே ஜெர்மனிக்கு அனுப்பியிருப்பேன், போன இடத்துக் குளிரில் தானாக ஆறியிருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, முகுந்தா. இந்தப் பயத்தை இனி ஒருத்தியாக வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயது, எனக்கு இருபத்து நான்கு. ஆரணியில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பி.எஸ்சி. இயற்பியல் என்று சொல்லித்தான் என்னைப் பெண் காட்டினார்கள். மாப்பிள்ளைக்குச் செகந்திராபாத், மத்திய அரசு வேலை, மனைவி தவறிவிட்டார், ஒரு பையன் என்றார்கள். வந்த புதிதில் இந்த வீட்டில் என் குரலே கேட்டிருக்காது. தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது. போவன்பள்ளி மார்க்கெட்டில் விரலைக் காட்டிக் காட்டிக் காய் வாங்கினேன். நீ பள்ளிக்கூட உடுப்போடு என் பக்கத்தில் நின்று, "சித்தி, பெண்டகாயான்னா வெண்டைக்காய். ஆமான்னு சொல்லாதீங்க, ஹவ்னு சொல்லுங்க, அப்பதான் ஏமாத்த மாட்டாங்க" என்று கற்றுக்கொடுத்தாய். இந்த ஊரில் நான் பேசுகிற மொழியெல்லாம் உன்னிடம் வாங்கியது.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பெரிய பலகையை இழுப்பீர்கள். தண்டவாளம் ஆணியடித்த பலகை. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். எனக்கு முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை, ஆள் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரோ என்று ஓடி வந்தேன். "தண்டவாளத்து உசரத்துக்குக் கண்ணை இறக்கினாத்தாம்மா இன்ஜின் பெருசாத் தெரியும்" என்றார். நீயும் அவர் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தாய். நாற்பத்தைந்தை எட்டிய ஒரு மனிதர், கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கை நீள இன்ஜின் ஒன்று தன்னை நோக்கி வருவதைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இவரோடு இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். இதை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

லாலாகுடாவிலிருந்து வந்த பெட்டி உனக்கு நன்றாக நினைவிருக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த மரப்பெட்டி. உள்ளே பழைய இங்கிலாந்து இன்ஜின்கள், ஒன்றும் ஓடாது. எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி இறுகிப் பல்சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. அச்சில் யாருடைய தலைமுடியோ சுற்றியிருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அவற்றை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தீர்கள். ஸ்பிரிட்டும் காது குடையும் பஞ்சும் வாங்கி வாங்கி மாளவில்லை. மோட்டாருக்குள் தேய்ந்துபோன கார்பன் துண்டுகளை மாற்றினீர்கள். எடை போதாமல் சக்கரம் வழுக்கியவற்றுக்குப் பாய்லருக்குள் ஈயத்துண்டு வைத்தீர்கள். தண்டவாளம் பிரியும் இடத்தில் கரண்ட் விட்டுப்போய் நின்றுவிடுகிறது என்று நிலக்கரிப் பெட்டியின் சக்கரத்துக்கும் ஒயர் இழுத்தீர்கள். முதல் இன்ஜின் ஓடியபோது நீ கைதட்டினாய். அப்பா தட்டவில்லை. "ஓடுறது பெருசில்லடா. நத்தை மாதிரி ஊரணும், குலுங்காம நிக்கணும். அதுக்குத்தான் இவ்வளவும்" என்று மறுபடி ஸ்க்ரூவைக் கழற்றினார்.

காந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். இந்தப் பழைய இன்ஜின்களின் வயிற்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு காந்தக்கட்டி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும். அதைச் சும்மா வெளியே உருவினால் அதன் பலம் போய்விடும். உருவும்போதே ஓர் இரும்புத் துண்டை அதன் குறுக்கே ஒட்டவைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். அப்பா அதற்கென்று பழைய கதவுத் தாழ்ப்பாளை அறுத்து ஒரு துண்டு செய்து வைத்திருந்தார், அதற்குப் பெயர் கீப்பர். காந்தத்தின் மேல்பக்கத்தில் சிவப்பு நெயில்பாலிஷில் ஒரு பொட்டு. தலைகீழாகத் திருப்பி வைத்தால் இன்ஜின் முன்னால் போக வேண்டிய நேரத்தில் பின்னால் போகும். கல்லூரியில் காந்தவியல் தாளில் நல்ல மார்க் வாங்கியவள் நான். ஆனால் என் கையில் யாரும் ஒரு காந்தத்தைக் கொடுத்ததில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வாயேன், பிசிக்ஸ் மேடம்" என்று அப்பா கூப்பிட்டதும் சமையலறைக்கு ஓடிவிட்டேன். "சித்தி ஷை ஆகி ஓடிட்டாங்க!" என்று நீ கத்தினாய். அடுத்த ஞாயிறு நானே வந்து உட்கார்ந்தேன். கீப்பரைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது.

நீ ஒன்பதாவது படித்தபோது, தட்டை முகத்தோடு இருந்த ஓர் இங்கிலாந்து இன்ஜினை நம்மூர்ப் பழைய நீராவி இன்ஜின் மாதிரி குண்டு மூக்கோடு மாற்றுகிறேன் என்று கிளம்பினாய். டேபிள் டென்னிஸ் பந்தை அறுத்துப் பார்த்தாய், பெரிதாக இருந்தது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து என் வாசனை ரோல்-ஆனைத் தேடினால் அதில் உருண்டையைக் காணோம். "சாரி சித்தி, எமர்ஜென்சி" என்றாய். அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கறுப்புப் பெயின்ட் அடித்த பிறகும் மல்லிகை வாசனை போகவில்லை. "இந்தியாவுலயே சென்ட் போட்டுக்கிட்டு ஓடுற ஒரே வண்டி நம்மளதுதான்டா" என்று அப்பா சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ அப்பாவைப் பார்த்து, "சித்திக்கு சவுண்ட் இருக்குப்பா" என்றாய்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் பொறுமை போயிருக்கும். இது புத்தி சொல்லும் கடிதமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். புது ஊரில் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. அங்கே சின்ன ரயில் ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள் என்று அப்பா சொல்கிறார். கையில் ஓர் இன்ஜினோடு போய் நின்றால் மொழி தெரியாவிட்டாலும் யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள். எனக்கு அப்படித்தான் இந்த வீட்டில் இடம் கிடைத்தது.

இனி பயத்துக்கு வருகிறேன்.

போன ஆயுதபூஜையன்று இன்ஜின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு இன்ஜினை முன்னால் பூட்டி நீளமான வண்டி ஒன்று விட்டீர்கள். அப்பா முதல் நாள்தான் அதில் ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார். சுவிட்சைப் போட்டதும் ஒன்று முன்னால் இழுத்தது, மற்றது பின்னால் தள்ளியது. பெட்டிகள் முறுக்கிக்கொண்டு சாய்ந்தன. "அப்பா, இதுக்கு ஆபீஸ் போக இஷ்டமில்லையாம், வீட்டுக்குத் திரும்பணுமாம்" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். காந்தத்தைத் தலைகீழாக வைத்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. அந்த இன்ஜினைக் கையில் எடுத்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பெட்டிகளை நிமிர்த்திக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பேசாதவர்களுக்குப் பார்ப்பதுதானே வேலை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ஆபீஸில் தனக்கு லேசான வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினார். தை மாதம் போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு இரண்டு பேரும் போனோம். உனக்கு நடைபழக்கின நாளிலிருந்து அப்பா வாடிக்கையாக வாங்கும் அந்தக் கத்தரிக்காய்க்காரம்மாவிடம் போய் நின்றார். வாயைத் திறந்தார், தமிழ்தான் வந்தது. அந்தம்மா விழித்தாள். அவர் மறுபடியும் முயன்றார், மறுபடியும் தமிழ். செகந்திராபாத்திலேயே பிறந்து, தெருவில் தெலுங்கில் சண்டை போட்டு வளர்ந்த மனிதர், முகுந்தா. "ஏமி சார், தெலுகு மர்ச்சிபோயாரா?" என்று அவள் சிரித்தாள், தெலுங்கை மறந்துபோய்விட்டீர்களா என்று. நான் முந்திக்கொண்டு, "வங்காயலு அர கிலோ இவ்வம்மா" என்று நீ கற்றுக்கொடுத்த தெலுங்கில் கேட்டு வாங்கினேன். அப்பாவும் சிரித்தார், ஏதோ வேண்டுமென்றே விளையாடியதைப் போல. திரும்பி வரும் வழியெல்லாம் என் கையை விடவில்லை. கூட்டத்தில் அவர் என் கையைப் பிடிப்பவரே அல்ல.

நீ விசா வேலையாக வெளியூர் போயிருந்த அன்று, நான் ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் அரை நாள்தான். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன். அறைக்குள் போனால் பலகை முழுக்க இன்ஜின்கள், எட்டும் திறந்து கிடந்தன. காந்தங்கள் எல்லாம் ஓர் எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகக் கிடந்தன. அப்பாவின் பனியன் வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னங்க இது?"

"எல்லாம் தப்பா ஓடுதும்மா. ஒண்ணே ஒண்ணுதான் சரியா ஓடுது. மத்ததையெல்லாம் அதுக்குத் தகுந்த மாதிரி திருப்பிட்டிருக்கேன்."

அந்த ஒன்று, ஆயுதபூஜையன்று பின்னால் தள்ளியதே, அதுதான். அதைத் திருத்தாமல், மாதிரி பார்க்க அதையும் திறந்துவைத்துக்கொண்டு, மற்ற ஏழையும் அதன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"கீப்பர் வெச்சுக் கழட்டினீங்களா?"

"என்ன கீப்பர்?"

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அது அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து அவர் கையில் வைத்தேன். அவரே அறுத்து, அவரே அரம் போட்டு வழவழப்பாக்கிய துண்டு. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது கதவோடதில்ல? எங்க விழுந்து கிடந்துச்சு?" என்று ஜன்னல் மேடையில் வைத்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். உடனே அவர் எழுந்து, "ஏம்மா, சாப்பிடலியா? முகம் வெளிறிப் போச்சு" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கை துளிகூட நடுங்காமல், கடுகளவு ஸ்க்ரூக்களை எல்லாம் சரியாகப் பூட்டி, எட்டையும் முடித்தார். தகடு பிடிவாதம் செய்த இரண்டில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினார். தண்டவாளத்தில் வைத்தார். தனியாக விட்டால் ஆறு இன்ஜின்கள் பைத்தியம் பிடித்ததுபோல் வேகமாக ஓடின. நாலு பெட்டி பூட்டினால் நகரவில்லை. மோட்டார் சூடேறி வாசனை வந்தது. குண்டு மூக்கு இன்ஜினும் இன்னொன்றும் ஓடவே இல்லை, நெம்பியதில் உள்சட்டம் விரிந்துபோயிருந்தது. அப்பா எப்போதும்போல் தரையில் குப்புறப் படுத்துக் காத்துக்கொண்டிருந்தார், எதுவும் அவரை நோக்கி வரவில்லை. மறுநாள் காலை பலகையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். "என் இன்ஜினையெல்லாம் யாரு தொட்டது?" என்றார். நிஜமாகக் கேட்டார். நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். திருப்பிக்கொண்டே இருந்தேன்.

நீ வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. எட்டையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, காய்கறிப் பையில் வைத்து, பஸ் பிடித்துக் கொண்டாப்பூர் போனேன். ஐ.டி. வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், உங்கள் ரயில் குழுவின் சேகர் அங்கிள், அவர் வீட்டில் அன்று குழு கூடியிருந்தது. அவர்கள் கூட்டத்துக்கு நான் தனியாகப் போனதே இல்லை. லிஃப்டில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறித்தான் மணியை அடித்தேன். "ஏனுங்க, சார் வரலீங்களா?" என்றார். மேசையில் ஒன்றைத் திறந்து பார்த்தார். அடுத்ததைத் திறந்தார். "அடக் கொடுமையே, காந்தத்துல உசுரே இல்லீங்களே! யாருங்க கழட்டுனது? எட்டுமேவா?" மூன்று நான்கு பேர் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் அப்பாவைக் குருஜி என்று கூப்பிடுகிறவர்கள். சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் போன் செய்வார்கள். அந்த முகங்களுக்கு நடுவே அவருடைய பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நான்தாங்க. தூசி தட்டலாம்னு கழட்டினேன்."

"மேடம், நீங்க பிசிக்ஸ் கிராஜுவேட்டுன்னு குருஜி பெருமையா சொல்வாரே!" என்று ஒருவர் சிரித்தார். "குருஜிகிட்ட சொல்லிட்டீங்களா, இல்ல நாங்க போலீஸ் பந்தோபஸ்து அனுப்பணுமா?" என்றார் இன்னொருவர். நானும் சிரித்து வைத்தேன். சேகர் அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை, பாவம் என்று விட்டுவிட்டார். கம்பிச்சுருள் சுற்றிய ஒரு கருவி வைத்திருக்கிறார். காந்தத்தை அதற்குள் வைத்துப் பொத்தானை அமுக்கினால் டப்பென்று ஒரு சத்தம், போன பலம் திரும்பிவிடுகிறது. ஆறு இன்ஜின்களுக்கு அப்படிச் செய்து கொடுத்தார். "அவ்வளவுதானுங்க, பழையபடி ஆயிருச்சு." அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த நினைப்பை இங்கே எழுதவில்லை. சட்டம் விரிந்த இரண்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

விஷயம் குழுவின் வாட்ஸ்அப் வழியாக எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. நீயும் அன்றுதான் ஊரிலிருந்து வந்திருந்தாய். குண்டு மூக்கு இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் சொல்லித் தொட்டீங்க சித்தி? கேட்டிருக்கலாம்ல? எங்கம்மா இருந்திருந்தா இதைத் தொட்டிருக்கவே மாட்டாங்க" என்றாய். நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில் நீ உன் கையால் செய்த பொருள். கோபத்தில் வரும் வார்த்தைதான். ஆனால் அப்போது அப்பா என்ன செய்தார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் தோளில் கைபோட்டு, "விடுடா முகுந்தா. தெரியாமப் பண்ணிட்டா. நான் மன்னிச்சுட்டேன், நீயும் மன்னிச்சுடு" என்றார். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே என்னை மன்னித்தார். அந்த மன்னிப்பின் பக்கத்தில் உன் கோபம் ஒன்றுமே இல்லை.

பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு செகந்திராபாத்தில் ஒரு நரம்பு டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன், உள்ளே போனதும் பாதி மறந்துபோனது. ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். தைராய்டு, வைட்டமின் குறைவு போன்ற சரிசெய்யக் கூடியதாகவும் இருக்கலாம், அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன், பரிசோதனைகள், மருந்து கொடுத்துக் கொஞ்ச நாள் பார்ப்பது என்று சில மாதங்கள் ஆகும் என்றார். அவரை நீண்ட நாளாக அறிந்த ஒருவரையும் கூட்டிவரச் சொன்னார். அப்பாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "மறதி யாருக்கு இல்ல? பையன் கிளம்புற நேரத்துல ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னுட்டு. அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே" என்றார். அவருக்கும் தெரிகிறது, முகுந்தா. ஏதோ நடக்கிறது என்று தெரிந்துதான் என்னை வாயடைக்கிறார். திருச்சி அத்தையிடம் சொன்னால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்: அண்ணன் நன்றாகத்தானே இருந்தார், நீ வந்து என்ன செய்தாய் என்பாள்.

டாக்டர் பொதுவாகச் சொன்ன ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. இது அந்த மறதி நோயாகவே இருந்தால், கிட்டத்தில் நடந்தவை முதலில் கலையும், பழையவை கடைசிவரை நிற்கும் என்றார். அவர் வாழ்க்கையில் நான் கிட்டத்தில் வந்தவள். உன்னை அவருக்கு நீ பிறந்ததிலிருந்து தெரியும். உன் அம்மாவை இளவயதிலிருந்து தெரியும். என்னைத்தான் கடைசியாகத் தெரியும். போன வாரம் சாயங்காலம் வராண்டாவிலிருந்து உன் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேறு யாரும் வீட்டில் இல்லை. நான் "என்னங்க" என்று போனேன். டம்ளரை நீட்டினார், வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெயருக்குப் பதில் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவின் இடத்துக்கு வர நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எனக்கென்று இந்த வீட்டில் ஒரு சின்ன இடம் இருந்தது. அது அழிந்துகொண்டிருக்கிறதோ என்று பயப்படுகிறேன்.

காலையில் அவர் கண்ணைத் திறக்கும்போது, என் மேல் பார்வை வந்து நிற்கிற அந்த ஒரு கணம் நான் அசையாமல் காத்திருப்பேன். பிறகு "மணி என்னம்மா ஆச்சு?" என்பார். இன்றைக்குத் தப்பித்தேன் என்று எழுந்து பால் காய்ச்சப் போவேன். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் விடிகிறது.

நீ போக வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் ஆசைப்பட்டேன். படிப்பு ஒன்றுதான் ஓர் ஆளை வேறு இடத்துக்கு நகர்த்தும் என்பதை என்னைவிட யார் அறிவார்? என் அப்பா என்னைப் படிக்கவிட்டார், ஊரை விட்டு அனுப்பினார், எதையும் திருப்பிக் கேட்டதில்லை. நானும் உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோதுகூட, உண்மையைச் சொல்லிவிட்டு, நீ நிம்மதியாகப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிப்பதாகத்தான் இருந்தேன். அந்த வரியை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். என்னால் பார்த்துக்கொள்ள முடியும். சமைப்பேன், மருந்து கொடுப்பேன், டாக்டரிடம் ஆங்கிலம்கூடப் பேசிவிடுவேன். அதற்கெல்லாம் பயமில்லை. அவர் என் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார், உன் பேச்சுக்கு வருவார். அதுகூடப் பாதிக் காரணம்தான்.

உன் பல்கலைக்கழகத்தின் பக்கத்தை நானே போனில் திறந்து படித்தேன், அகராதி வைத்துக்கொண்டு. குடும்பக் காரணம் சொல்லி அடுத்த பருவத்தில் சேர அனுமதி கேட்கலாம் என்று போட்டிருக்கிறது. கேட்டால் கிடைக்குமா தெரியவில்லை. முடியாது என்றால் முடியாது என்று எனக்கு நேராகச் சொல்லிவிடு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் கேட்காமல் உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை.

ஆறு மாதம் தள்ளிப் போ, முகுந்தா. ஒரு நாள் அவர் என்னைப் பார்த்து யார் இது என்று கேட்டால், அதற்கு நானே பதில் சொல்கிறபடி ஆகிவிடக் கூடாது. நீ பக்கத்தில் இருந்து சொல்லு.

சித்தி